நெஞ்சில் பெட்டி, வீட்டில் கரண்ட்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

இதயத்துக்காக நெஞ்சில் பெட்டி, அதாவது பேஸ்மேக்கரோ ஐ.சி.டி.யோ, வைத்தவர் ஒருவர் உங்கள் கண் முன்னால் மயங்கி விழுந்திருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் கை மெஷினிலோ குழாயிலோ பட்டபடி இருந்தால், அவரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை இறக்குங்கள். மூச்சுப் பேச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். உள்ளே பெட்டி இருக்கிறதே என்று தயங்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

இனி, நிதானமாகப் படிக்க நேரம் உள்ளவர்களுக்கு.

நான் காரைக்குடியில் 27 வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறவன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கரண்ட் போகவில்லை என்று சொல்லி, எனக்கே இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் லைன் இழுத்தவனுக்கு உள்ளே லைன் அறுந்துபோச்சு என்று கடைத்தெருவில் இன்றைக்கும் கேலி உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் என்னை டிவி ரிமோட்டைக்கூடத் தொட விடவில்லை. மைக்ரோவேவ் இருந்த பக்கமே போகக் கூடாது என்று மச்சான் கட்டளை போட்டார். அதே வீட்டில், கிணற்று மோட்டாரின் எர்த் கம்பி, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, அறுந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை. வயர்மேன் நான், என் கண்ணிலும்தான்.

ரிமோட், டிவி, மிக்சி, ஃபேன், நல்ல நிலையில் உள்ள மைக்ரோவேவ் எல்லாம் இன்றைய பெட்டியை ஒன்றும் செய்வதில்லை. எர்த் இல்லாத வீடு செய்யும். இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றியதுதான்.

முதலில், உங்கள் பெட்டி எது?

ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை எடுத்துப் பாருங்கள். பேஸ்மேக்கர் என்றால், துடிப்பு குறையும்போது தட்டிக் கொடுக்கிற பெட்டி. ஐ.சி.டி. என்றால், அதைச் செய்வதோடு இதயம் தாறுமாறாக ஓடும்போது உள்ளேயே ஷாக் கொடுத்து நிறுத்தும் பெட்டி. ஒரே அறிகுறிக்கு இரண்டு பெட்டியிலும் காரணம் வேறாக இருக்கும். அட்டை தொலைந்துவிட்டால் வைத்த இடத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு நகலை பீரோவில் பூட்டி வைக்காமல் பர்சில் வையுங்கள்.

பெட்டி என்றாலே பதறுகிறவர்களுக்கு ஒரு செய்தி. முதல் பேஸ்மேக்கரை 1958 அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைத்தார்கள். அந்தப் பெட்டி சில மணி நேரம்தான் ஓடியது. அவரோ, பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு 86 வயது வரை இருந்து 2001-ல் காலமானார்.

பெட்டிக்கு எங்கே குழப்பம் வருகிறது?

கோவில் திருவிழாவில் மைக் செட் போடும்போது, பாட்டு தொடங்கும் முன்னால் ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். வயரை ஒருத்தர் விரலால் தொட்டால் இன்னும் கூடும். அது நம் வீட்டுக் கரண்ட், நொடிக்கு 50 சுற்று, மைக் வயரில் ஏறிவிட்டது. பெட்டியும் ஒரு மைக் மாதிரிதான். இதயத்துக்குள் போகும் கம்பி வழியாக அது கேட்கிற சத்தம் சில மில்லிவோல்ட்தான். சுவரில் ஓடுவது 230 வோல்ட். அதில் ஒரு துளி உடம்பு வழியாகக் கசிந்தாலும் பெட்டி காதில் ‘ம்ம்ம்ம்’ விழும்.

விழுந்தால் மூன்றில் ஒன்று நடக்கும். ‘இதயம் தானாகத் துடிக்கிறது’ என்று பேஸ்மேக்கர் ஏமாந்து, தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாமல் இருக்கும். அல்லது ‘இது இரைச்சல்’ என்று புரிந்துகொண்டு, எதையும் கேட்காமல் ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டே போகும். ஐ.சி.டி.யாக இருந்தால், ‘இதயம் கண்டபடி ஓடுகிறது’ என்று எண்ணி ஷாக் கொடுத்துவிடும்.

காந்தத்தின் கதை வேறு. பெட்டிக்குள் காந்தத்தை உணரும் சுவிட்ச் ஒன்றை, பெட்டி செய்கிறவர்கள் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். 10 காஸ் (காந்தத்தின் வலுவை அளக்கும் அலகு) அளவு காந்தம் அருகில் வந்தாலே அது விழித்துக்கொள்ளும். பேஸ்மேக்கர் என்றால் நிலையான வேகத்துக்குப் போகும். ஐ.சி.டி. என்றால் காந்தம் இருக்கும் வரை ஷாக் கொடுக்கும் வேலையை நிறுத்தி வைக்கும்.

தூரத்தை அளக்க டேப் வேண்டாம். கையை விரித்தால் ஒரு சாண், ஏறக்குறைய 9 அங்குலம். செல்போன், மிக்சி, ட்ரில், ஹேர் டிரையர் போன்றவற்றுக்கு 15 சென்டிமீட்டர் போதும், ஒரு சாண் என்று வைத்தால் கைக்காவல். ஓடுகிற வண்டி இன்ஜின், ரம்பம், வயர்லெஸ் சார்ஜர் இவற்றுக்கு 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணும் நாலு விரலும். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 60 சென்டிமீட்டர், ஒன்றரை முழம் வைத்துக்கொள்ளுங்கள். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். பெட்டி வைத்த பிறகு இடது தோளிலிருந்து ஒரு சாணும் பிரதானம்தான்.

அறிகுறி: தலை கிறுகிறுக்கிறது, கண் இருட்டுகிறது

உடனே செய்ய வேண்டியது: கையில் இருப்பதை விட்டுவிட்டு நாலு அடி தள்ளிப் போய் உட்காருங்கள். நிற்காதீர்கள். சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள்.

தள்ளி வந்த சில நொடிகளில் சட்டென்று தெளிந்துவிட்டதா? அப்படியென்றால் விட்டு வந்த இடத்தின் மேல் சந்தேகப்படலாம். ஐந்து நிமிஷம் ஆகியும் தெளியவில்லை, வியர்க்கிறது, நெஞ்சு அடைக்கிறது என்றால் கரண்ட் ஆராய்ச்சி வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை இறங்கியிருக்கலாம், பிரஷர் மாத்திரை கூடியிருக்கலாம், பெட்டியே தட்டாமல் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து பிரித்துச் சொல்ல முடியாது.

சட்டென்று தெளிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். கையில் என்ன இருந்தது? காலில் செருப்பு இருந்ததா? தரை ஈரமா? பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?

இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் நீங்கள் குனிந்திருப்பீர்கள். நிமிர்ந்து நின்றால் மேடைக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற தூரம், குழம்பு கொதிக்கிறதா என்று எட்டிப் பார்க்கும்போது ஒரு சாணாகிவிடும். தரையில் அடுப்பை வைத்து உட்கார்ந்து சமைக்கிற பழக்கம் உள்ள வீட்டில் இன்னும் மோசம். பாத்திரம் அடுப்பின் வட்டத்தை மூடுகிற அளவில், நடுவில் இருக்க வேண்டும். ஓரமாக வைத்த சின்னப் பாத்திரத்தை நெடுநேரம் கையால் பிடித்துக் கிண்டக் கூடாது, கரண்ட் பாத்திரம் வழியாகக் கைக்கு வரும். என்னைக் கேட்டால், பெட்டி வைத்தவர் கேஸ் அடுப்பில் சமைக்கட்டும், இண்டக்‌ஷனை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

கிரில் பட்டறையில் வேலை என்றால் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். 160 ஆம்பியர் தாண்டும் ஆர்க் வெல்டிங் பெட்டி வைத்தவருக்கு ஆகாது. அதற்குக் கீழே என்றாலும் டாக்டர் அனுமதி வேண்டும். பொறி பறக்கிற இடம் நெஞ்சிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வெல்டிங் மெஷின் ஐந்து அடி தள்ளி. ஹோல்டர் வயரையும் எர்த் வயரையும் ஒன்றோடொன்று ஒட்டி ஓடவிட வேண்டும். தோளில் சுற்றிப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிற நம் பட்டறைப் பழக்கத்தை விட வேண்டும். ஈரமான கையுறை கூடாது. கிறுகிறுத்தால் ஹோல்டரைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். எனக்கு வைத்தபின் நான் வெல்டிங்கை விட்டுவிட்டேன். ஐ.சி.டி. வைத்தவர்கள் வெல்டிங்கை யோசிக்கவே வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து.

அடுப்பும் இல்லை, வெல்டிங்கும் இல்லை, ஆனாலும் குளியலறையிலோ குழாயடியிலோ ஒரே இடத்தில் வருகிறது என்றால், அடுத்த பகுதியை விடாமல் படியுங்கள்.

அறிகுறி: பெட்டி ஷாக் அடித்துவிட்டது

ஷாக் அடிப்பது ஐ.சி.டி. மட்டும்தான், ஆனால் பின்னால் வரும் வீட்டுக் கதை எல்லாருக்கும். நெஞ்சில் கழுதை உதைத்த மாதிரி என்பார்கள். பட்டவர்களுக்குச் சந்தேகமே வராது.

ஒரே ஒரு ஷாக், பிறகு சாதாரணமாக இருக்கிறீர்கள்: உட்காருங்கள், அன்றைக்கே உங்கள் டாக்டருக்குச் சொல்லுங்கள், வண்டி ஓட்டாதீர்கள். இரண்டு ஷாக், அல்லது ஒரே ஷாக் ஆனாலும் மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்: 108. ‘இது வெறும் கரண்ட் கோளாறாக இருக்கும்’ என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். உண்மையிலேயே இதயம் தாறுமாறாக ஓடி, பெட்டி உங்களைக் காப்பாற்றியிருக்கலாம். எது நடந்தது என்று பெட்டியின் நினைவில் பதிவாகியிருக்கும். ஆஸ்பத்திரியில் உள்ள புரோகிராமர் மெஷினில்தான் அதைப் படிக்க முடியும்.

இப்போது நான் பார்த்த ஒரு வீடு. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர் ஒன்றில், முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் பெரிய வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில். ஆச்சி மட்டும், வேலைக்கு ஒரு பெண்ணோடு. ஆச்சிக்கு ஐ.சி.டி. வைத்து இரண்டு வருஷம். ஒரு காலை இரண்டாங்கட்டு முற்றத்தில் முகம் கழுவக் குழாயைத் திறந்தார், உதை விழுந்தது. மதுரையில் பெட்டியைப் படித்துப் பார்த்த டாக்டர், இதயம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது, அதன் மேல் சீப்புப் பல் மாதிரி ஒரே சீராக 50 சுற்று இரைச்சல் ஏறியிருக்கிறது, இதயத்துக்குள் போகும் இரண்டு கம்பியிலும் இருக்கிறது, வீட்டுக் கரண்டைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

“கரண்டு சாமான் எதையுமே தொடலையே தம்பி. கொழாயத்தான தொறந்தேன்” என்றார் ஆச்சி.

“பக்கத்துல என்ன ஆச்சி ஓடிக்கிட்டிருந்துச்சு?”

“ஒண்ணும் ஓடலை. அடுப்படியில ஃப்ரிஜ்ஜு இருக்கு, அது பாட்டுக்கு இருக்கு. வளவுக்கு அந்தப் பக்கம் துணி மெஷினு போட்டுருந்தா அவ.”

குழாயில் டெஸ்டரை வைத்தேன். மங்கலாக எரிந்தது. பித்தளைக் குழாய், அதற்கு எந்த வயரும் போகவில்லை, ஆனால் எரிகிறது. மின்சாரத்தில் பேய் பிசாசு கிடையாது, பாதைதான் உண்டு. அந்தப் பாதையைத் தேடினேன்.

சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்தேன். பேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (அது திரும்பிப் போகும் கம்பி) 231 வோல்ட், சரி. பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும், காட்டியது 118. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தது 112. இரண்டுக்கும் நடுவே பாதியில் எர்த் தொங்குகிறது என்றால் அது மண்ணைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

காரணம் வீட்டின் வயதில் இருந்தது. அந்தக் காலத்து வயரிங்கில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். இரும்புக் குழாய் கிணற்றடி வரை மண்ணுக்குள் ஓடியதால் அதுவே எர்த்தாக இருந்தது. முந்தின வருஷம் துருப்பிடித்த குழாயை மாற்றி பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். முற்றத்துக் குழாயடியில் மட்டும் நாலு அடி பழைய இரும்புத் துண்டை, நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். எர்த் கம்பி கட்டியிருந்தது அந்தத் துண்டில்தான். வீட்டின் எர்த் முழுவதும் இப்போது மண்ணுக்குப் போகாமல் குழாயோடு முடிகிறது.

வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், டிவி போன்றவற்றுக்குள் இரைச்சலை வடிக்கச் சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. அவை ஒரு நூலிழை கரண்டை எப்போதும் எர்த் கம்பிக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால், அத்தனை மெஷினின் நூலிழையும் ஒன்றுசேர்ந்து குழாயில் வந்து நிற்கும். ஆச்சி வெறுங்காலோடு ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் நின்று குழாயைத் தொட்டதும், கை, நெஞ்சு, கால் என்று பாதை கிடைத்துவிட்டது. வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன். “லேசா நமநமன்னு இருக்கும்ணே, அது எப்பவும் இருக்கும்” என்றாள். பெட்டி இல்லாத உடம்புக்கு அது நமநமப்பு. ஆச்சியின் பெட்டிக்கு அது சாவு வருகிற சத்தமாகக் கேட்டிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி வழக்கமாக வரும். “ஆர்.சி.சி.பி. போட்டிருக்கோமே, அது விழுந்திருக்காதா?” விழாது. ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். வீட்டில் இருப்பது 30 மில்லியாம்பியர் கசிந்தால்தான் விழும். இந்தக் கசிவு ஒரு மில்லியாம்பியர் கூட வராது. ஆளைக் கொல்லும் கரண்டிலிருந்து அது காப்பாற்றும், அதனால் கட்டாயம் வேண்டும். பெட்டியைக் குழப்பும் கரண்டை வடிக்க எர்த் மட்டும்தான் வழி.

உங்கள் வீட்டிலும் பார்க்க வேண்டியவை, நான் தேடுகிற வரிசையில் சொல்கிறேன். பெட்டி வைத்தவர் இதைச் செய்யக் கூடாது, வயர்மேனைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். அவர் வரும்வரை அந்தக் குழாயையும் மெஷினையும் தொட வேண்டாம்.

மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த பின் முறிந்திருக்கிறதா, அல்லது இரண்டு பின் அடாப்டர் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். பாதி வீடுகளில் இதோடு தேடல் முடிந்துவிடும். அடுத்து, நான் சொன்ன மூன்று மல்டிமீட்டர் அளவுகள், ஒவ்வொரு சாக்கெட்டிலும். பிறகு எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது மண்ணில் இறங்கும் இடம் வரை போக வேண்டும். ‘எங்கேயோ போகுது’ என்று சொல்கிற வயர்மேனை மாற்றுங்கள். எர்த் குழி இருந்தால், சித்திரையில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். நம் செம்மண், வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டால் குழி இருந்தும் பயனில்லை. கரியும் உப்பும் போட்ட பழைய குழி என்றால் கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிலில் சிலர், எர்த் இல்லாத வீட்டில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து ஒரு துண்டு வயர் போட்டுவிடுவார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகக் காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் மெஷின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். பெட்டி இல்லாதவரும் போய்விடுவார். அப்படிப் போட்டிருக்கிறதா என்று கேட்காதீர்கள், ஒரு சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆச்சி வீட்டில் பின்கட்டில் புதுக் குழி தோண்டி, மெயின் போர்டிலிருந்து புது எர்த் கம்பி இழுத்தோம். அதே மூன்று அளவுகளும் இப்போது 229, 228, ஒன்று.

அறிகுறி: துடிப்பு திடீரென்று மெஷின் மாதிரி ஒரே சீராக

படபடப்பு எல்லாருக்கும் வரும். இது வேறு. தையல் மெஷினை மிதித்த மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் அடிக்கும். உட்கார்ந்தாலும் அதே வேகம், நடந்தாலும் அதே வேகம்.

எனக்கே வந்தது. எங்கள் ஊர்ப் பொங்கலில், மைக் செட் பையன்களுக்கு ஆள் குறைகிறதே என்று பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். பத்தடி போவதற்குள் உள்ளே டக் டக் டக் என்று ஒரே தாளம். இறக்கி வைத்தேன், நின்றுவிட்டது. மறுபடி தூக்கிப் பார்க்கிற புத்தி வந்தது, ஒப்புக்கொள்கிறேன். மனைவி பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன். ஸ்பீக்கரின் முதுகில் இருக்கும் வட்டக் காந்தம் பெட்டியின் சுவிட்சை எழுப்பியிருக்கிறது.

சோதிக்கும் வழி: மணிக்கட்டில் நாடியை 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். காந்தம் பட்டால் பேஸ்மேக்கர் போகும் வேகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 85, 90, 100 என்பவை வழக்கம். தள்ளி வந்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டதா? பயம் வேண்டாம், எது காந்தம் என்று தேடி ஒதுக்குங்கள். அடுத்த செக்கப்பில் சொல்லுங்கள். தள்ளி வந்தும் நிற்கவில்லையென்றால் காந்தம் அல்ல, அன்றே டாக்டரைப் பாருங்கள்.

காந்தம் இருக்கும் என்று நாம் நினைக்காத இடங்கள்: காதில் மாட்டும் இயர்பட்ஸின் மூடி போட்ட டப்பா, மடக்கும் செல்போன் கவர், கைப்பையின் பட்டன், சட்டையில் குத்தாமல் ஒட்டுகிற பெயர் அட்டை. பழைய பொருள் வாங்கி விற்கிற காரைக்குடிக் கடைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், பழைய ரேடியோவைத் தூக்கும்போது வயிற்றோடு தாங்குங்கள், நெஞ்சோடு வேண்டாம்.

அறிகுறி: எதுவுமே தெரியவில்லை

இதை ஏன் அறிகுறியில் சேர்க்கிறேன் என்றால், ஐ.சி.டி. வைத்தவருக்குக் காந்தம் பட்டால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பேஸ்மேக்கரில் வேகம் மாறும், தெரிந்துவிடும். ஐ.சி.டி.யில் துடிப்பு மாறாது. காவல்காரர் தூங்கிவிட்டார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் இதயம் தாறுமாறாக ஓடினால் ஷாக் வராது.

நம்மூர் ஆண்களின் வெள்ளைச் சட்டைக்கு ஒரே பை, அதுவும் இடது நெஞ்சில். பெட்டி வைப்பதும் பெரும்பாலும் அதே பக்கம். செல்போன் நேராகப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. 2020-ல் வந்த ஐபோன் 12 முதல் பல ஐபோன்களின் முதுகில் காந்த வளையம் இருக்கிறது. அதை நெஞ்சின் மேல் வைத்தபோது ஐ.சி.டி. வேலையை நிறுத்தியதை 2021-லேயே அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், வயர்லெஸ் சார்ஜ் ஏறும்போது 30 என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. சிங்கப்பூரிலிருந்து பேரன் கொண்டுவந்த போனை அப்பச்சி சட்டைப் பையில் பெருமையாக வைத்துக்கொள்ளும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். இடுப்பு வேட்டி மடிப்போ, வலது கையோ, மஞ்சள் பையோ, எங்கு வேண்டுமானாலும் இருக்கட்டும். பேசும்போது பெட்டி இல்லாத பக்கத்துக் காதில் வையுங்கள்.

இதைவிட எனக்கு ஆத்திரம் தருவது காந்த மெத்தை. கல்யாண மண்டபத்தில் கூட்டம் கூட்டி, முட்டிவலி, சர்க்கரை எல்லாம் போகும் என்று விற்றார்கள். எங்கள் தெருவில் பெட்டி வைத்த ஒருவர் வாங்கிவிட்டார். விற்றவர் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. குப்புறப் படுத்தால் ராத்திரி முழுவதும் பெட்டியோடு காந்தம். காந்த மெத்தை, காந்தத் தலையணை, கழுத்தில் போடும் காந்த மாலை, மூன்றும் பெட்டி வைத்தவர் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

அறிகுறி: பெட்டி சத்தம் போடுகிறது, அல்லது அதிர்கிறது

சில ஐ.சி.டி. ‘பீப்’ என்று கத்தும், சில உள்ளேயே அதிரும். காந்தத்தின் அருகில் போனபோது மட்டும் கத்தி, தள்ளியதும் நின்றால் காந்தம். தினமும் ஒரே நேரத்தில், நீங்கள் எங்கே இருந்தாலும் கத்தினால், பேட்டரியோ கம்பியோ பற்றிப் பெட்டியே எச்சரிக்கிறது. காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். செல்போன் அலாரம் என்று ஒரு வாரம் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

கரண்ட் மேல் பழி போடக் கூடாதவை

வாளியை இழுக்கும்போது, கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது மட்டும் கிறுகிறுப்போ ஷாக்கோ வந்தால், கம்பியில் விரிசலோ இணைப்புத் தளர்வோ இருக்கலாம். இடத்தோடு சேர்ந்து வருவது வீட்டுக் கரண்ட். உடம்பின் அசைவோடு சேர்ந்து வருவது உள்ளே இருக்கும் கம்பி. இந்த ஒரு வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

விடாத விக்கல், வயிறு துடிப்பது, தோள் சதை துடிப்பது: கம்பி நகர்ந்திருக்கலாம். பெட்டி வைத்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கினால் தொற்று, அன்றே போக வேண்டும். எங்கே போனாலும் சோர்வு, மாடி ஏறினால் மூச்சு என்று வாரக்கணக்கில் இருந்தால் பேட்டரி கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்கலாம். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய, பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கிற சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்மூரில்தான் இருக்கிறது, ஆனாலும் பெட்டியின் பேட்டரி தனியாக மாற்றுகிற சமாச்சாரம் அல்ல. பெட்டியையே மாற்ற வேண்டும்.

வீட்டுக்கு வெளியே

மதுரை மீனாட்சி கோவில், விமான நிலையம் போன்ற இடங்களின் மெட்டல் டிடெக்டர் வாசலில் நடையை மாற்றாமல் கடந்து போகலாம். சட்டத்தில் சாய்ந்துகொண்டு வரிசையில் நிற்காதீர்கள். அட்டையைக் காட்டி, கையில் வைத்திருக்கும் கருவியைப் பெட்டியின் மேல் வைத்துத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். துணிக்கடை வாசலில் இருக்கும் திருட்டுத் தடுப்புக் கம்பத்துக்கும் இதே விதி. செல்போன் டவர், கரண்ட் கம்பம் அருகே நடந்து போவதற்குப் பயம் வேண்டாம்.

மருத்துவம் பார்க்கப் போகிற இடத்தில்தான் கவனம் அதிகம் தேவை. முட்டிவலிக்கு பிசியோதெரபி போனால், சூடு கொடுக்கும் டயதெர்மி பெட்டி வைத்தவருக்குக் கூடவே கூடாது. உடம்பில் பட்டை ஒட்டிக் கரண்ட் விடும் வைத்தியமும் இதய டாக்டர் சொல்லாமல் வேண்டாம். ஆபரேஷன் என்றால் ரத்தத்தைச் சுட்டு நிறுத்தும் காட்டரி இருக்கும், முன்கூட்டியே சொன்னால் பெட்டியைத் தற்காலிகமாக மாற்றி வைப்பார்கள். எம்.ஆர்.ஐ. எல்லாப் பெட்டிக்கும் ஆகாது, அதற்கென்று வந்த பெட்டிகளும் உண்டு, அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பல் டாக்டரிடம்கூட நாற்காலியில் உட்காரும் முன் சொல்லிவிடுங்கள்.

செக்கப்புக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டு கொண்டு போங்கள். தேதி, மணி, எந்த இடம், கையில் என்ன, காலில் செருப்பு உண்டா, தள்ளி வந்ததும் எத்தனை நொடியில் தெளிந்தது. மணி ரொம்ப முக்கியம். பெட்டியின் பதிவிலும் மணி இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காரணம் தெரிந்துவிடும். ஆச்சிக்கு அந்தக் காலைப் பொழுது நினைவில் நின்றது, குழாயைத் திறந்தபோது பக்கத்துக் கோவிலில் மணி அடித்துக்கொண்டிருந்ததாம். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.